பல்கலைக்கழகக் கட்டடங்களும் 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களும்

கட்டடங்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் பயணிகள் எழுதிவைத்த குறிப்புக்களுமே நெடுங்காலம் சான்றுகளாக இருந்து வந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவற்றோடு புதியதொரு சான்றும் வந்து சேர்ந்தது. அதுவே புகைப்படம். ஏனைய சான்றுகளைத் துருவி ஆராயும் நம்மவர், புகைப்படத்தைக் கண்டவிடத்து மட்டும் வினா எழுப்பாது ஏற்றுக்கொள்ளுகின்றனர். சோழர் கல்வெட்டில் வரும் மெய்க்கீர்த்தியைப் படிக்கும்போது, அரசன் தன்னைப் பிறர் எவ்வாறு காணவேண்டுமென விரும்பினானோ அவ்வாறே அஃது எழுதப்பட்டது என்பதை நாம் மறப்பதில்லை. கட்டடப் புகைப்படமும் பெரும்பாலும் அத்தகையதே. எங்கே நின்று, எந்நேரத்தில், எவர்பொருட்டு அது எடுக்கப்பட்டது என்பவற்றை அறிந்த பின்னரே அதனைச் சான்றாகக் கொள்ளல் தகும்.

பல்கலைக்கழகக் கட்டடங்களின் 19ஆம் நூற்றாண்டுப் படங்களை, சிறப்பாகச் சென்னைப் பல்கலைக்கழகத்துச் செனற் மண்டபத்தை முன்னிறுத்தி, அந் நோக்கில் ஈண்டு ஆராய விழைகின்றேன். சென்னையைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. அப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர். ஆனால் அவர்கள் பட்டம் பெற்ற காலத்தில் அம் மண்டபத்துக்கு அத்திவாரமேனும் இடப்பட்டிருக்கவில்லை. பல்கலைக்கழகம் என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பதோ குவிமாடமும் தூண்களும் கொண்ட அம் மண்டபத்தின் படம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே இக் கட்டுரையின் பொருள்.

திருக்கோணமலை வாசகர்க்குப் படத்தின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சுவாமி மலையில் நின்ற கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1624ஆம் ஆண்டில் இடித்தழித்தான். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839ஆம் ஆண்டில். இடைப்பட்டவை 215 ஆண்டுகள். அவ்வாலயத்தின் கற்களைக் கோட்டைச் சுவரிலும் கடலடியிலும் தேடிக்கொண்டிருக்கும் நாம், அதன் ஒரு தூணையேனும் உள்ளவாறு காட்டும் படம் கிடைக்காதா என ஏங்குகின்றோம். யாழ்ப்பாணத்துத் தேவாலயங்கள் சிலவற்றுக்கு இக் குறை ஓரளவு இல்லை. 1672இல் வெளிவந்த பல்தேயுப் பாதிரியாரின் நூலில் அவற்றின் செதுக்கோவியங்கள் இடம்பெற்றுள. ஆயினும் செதுக்கோவியத்திலே கண்ணுக்கும் கட்டடத்துக்கும் இடையில் ஓவியன் ஒருவனுடைய கையும், அக் கையின் வழக்கங்களும் புகுந்துவிடுகின்றன. அவ்வாறு புகாத ஒன்று வேண்டும் என்ற வேட்கையே புகைப்படத்துக்கு அத்துணை மதிப்பைத் தேடித் தந்தது.

1839ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதம் 19ஆம் திகதி, பிரான்சு நாட்டு டாகர் என்பாரின் முறை பாரிசு நகரில் வெளியிடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் அவர் தம் இல்லத்துச் சாளரத்தினின்று எடுத்த வீதிப் படம் ஒன்று பலராலும் அறியப்பட்டதாகும். வண்டிகளும் மனிதரும் நெருங்கிய அவ் வீதி, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கின்றது. ஒளி தகட்டிற் பதிவதற்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தமையால், அசைந்தோர் அனைவரும் மறைந்துவிட்டனர். காலணிக்கு மெருகேற்றுவதற்காக ஓரிடத்திற் காலூன்றி நின்ற ஒருவனும், அவன் காலடியில் இருந்த தொழிலாளியுமே எஞ்சினர். இதனை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் நாம் காணவிருக்கும் மண்டபங்கள் ஆளரவமற்று நிற்பதற்கும் இதுவே முதற் காரணம்.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்திலே டல்பொட் என்பார் தாளில் எதிர்ப்படம் எடுத்து, அதிலிருந்து வேண்டியவளவு படிகளைப் பதிக்கும் முறையைக் கண்டு, 1841இல் அதற்கு உரிமையும் பெற்றார். 1844 முதல் 1846 வரை அவர் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘இயற்கையின் எழுதுகோல்’ என்னும் நூலின் முதற்படம் எதுவென நினைக்கின்றீர்கள்? ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துக் குயின்ஸ் கல்லூரியின் ஒரு மூலை! புகைப்படங்களை ஒட்டி விற்பனைக்கு வந்த நூல்களுள் மிக முந்திய ஒன்று, பல்கலைக்கழகக் கட்டடத்தோடு தொடங்குகின்றது. கட்டடம் அசையாது, வெயிலில் நெடுநேரம் நிற்கும், கூலி கேளாது. எனவே அது தொடக்ககாலப் படப்பிடிப்பாளர்க்கு வாய்த்த நன்மாணாக்கனாயிற்று.

அந் நூலில் டல்பொட் எழுதிய குறிப்புக்கள் இன்றும் வரலாற்று மாணவர்க்குப் பயன்படுவன. மழையும் வெயிலும் கல்லின் மேற்பரப்பைத் தின்றிருப்பதைப் படம் காட்டுகின்றது என்கிறார் ஓரிடத்தில். அதே கல்லூரியின் வாயிலைக் காட்டும் வேறொரு படத்தைப் பற்றிக் கூறுகையில், அது வீதியின் எதிர்ப்புறச் சாளரமொன்றினின்று எடுக்கப்பட்டது எனக் குறிப்பிட்டு, படம் எடுத்தவன் தான் எடுத்தபோது அறியாதவற்றைப் பிற்காலத்தில் அதனுள்ளே கண்டு வியத்தல் கூடும் என்கிறார். சுவரில் ஒட்டிய விளம்பரம், கல்லிற் பொறித்த ஆண்டு, தொலைவில் உள்ள மணிக்கூட்டின் முகம் ஆகியவற்றை அவர் எடுத்துக்காட்டுகின்றார். மணிக்கூடு காட்டும் நேரமே படம் எடுத்த நேரமாதலால், ஒருவரும் எழுதிவையாத குறிப்பொன்று தானே பதிவாகிவிடுகின்றது. புகைப்படத்தைச் சான்றாகப் படிக்கும் முறைக்கு இதனினும் சிறந்த முதற்பாடத்தை யான் கண்டதில்லை.

1851இல் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் கண்ட கொலோடியன் முறையால் கண்ணாடித் தகட்டில் மிக நுண்ணிய படங்களை எடுத்தல் இயல்வதாயிற்று. ஆனால் அதன் தொல்லைகளோ பல. கண்ணாடியிற் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனேயே இருட்கூடாரத்திற் கழுவியும் முடித்தல் வேண்டும். நம் நாட்டு வெப்பத்திலே தகடு விரைந்து உலர்ந்துவிடும். ஆகவே கமரா செல்லுமிடமெல்லாம் இருட்கூடாரமும், புட்டிகளும், நீர்க்குடங்களும், அவற்றைச் சுமக்கும் கூலியாட்களும் செல்லவேண்டியிருந்தது. இவ்வாறு எடுத்த எதிர்ப்படங்களைப் பதிப்பதற்குப் பெரும்பாலும் பயன்பட்டது முட்டை வெண்கரு பூசிய தாள். நம் கோயிற் கோபுரங்களின் முதற் படங்கள் பலவும் முட்டையின்மேற் பதிந்தவை என்பதை ஆசாரசீலர் பொறுத்தருள்க.

சென்னையில் இக் கலை வேரூன்றியமைக்கு அங்கிருந்த மருத்துவர் அலெக்சாந்தர் ஹன்ரர் முக்கியமானவர். 1850இல் அவர் தொடக்கிய கலைப் பள்ளியிலே புகைப்படமும் பாடமாயிற்று. 1856இல் சென்னைப் புகைப்படச் சங்கமும் தோன்றியது. அதே ஆண்டில் சென்னை அரசாங்கம் லினேயஸ் ட்ரைப் என்னும் படைத்தலைவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரிற் புறப்பட்ட அவர், மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களுக்குச் சென்று, அடுத்த ஆண்டு நடுப்பகுதிக்குள் மீண்டார். வெப்பநாட்டுப் பயணத்துக்கு ஏற்றதென்று அவர் பெரிதும் நம்பியது கண்ணாடியையன்று, முன்கூட்டியே மெழுகேற்றி வைத்த தாளையே. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே சுருளாக இணைத்தார். கல்வெட்டையும் புகைப்படத்தையும் ஒருசேரக் கொண்ட இச் சுருளைவிட நம் வரலாற்று மாணவர்க்கு உவப்பான பொருள் வேறு யாது?

ட்ரைப்பின் பணி நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சார்ள்ஸ் திறெவெலியன், அரசாங்கத்தின் அன்றைய நிதிநிலைக்கு இஃது ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதி நிறுத்துவித்தார். கணக்குப் பார்த்தவர் தவறுடையவர் என்று கூறல் கடினம். ஆயினும் அக் கணக்கினால் நாம் இழந்தவை எவை என்று எண்ணும்போது மனம் ஆறவில்லை. ட்ரைப்பின் உதவியாளராயிருந்த சி. ஐயாசாமியின் பெயர் இவ் வரலாற்றில் அடிக்குறிப்பாகவே வருகின்றது. வெள்ளைக்காரர் பெயரில் வழங்கும் பல படங்களில் இத்தகைய தமிழர் கைகளின் உழைப்பும் உண்டு என்பதைப் படத்தைப் பார்த்து அறியமுடியாது. ட்ரைப் தம் எதிர்ப்படங்களில் முகில்களையும் மரத்தழைகளையும் தூரிகையால் தீட்டிச் சேர்த்தமையும் அவ்வாறே. அக்கால இரசாயனங்கள் நீல ஒளிக்கே மிகவும் இணங்கியவை. எனவே நீல வானம் படத்தில் வெறும் வெண்மையாகிவிடும். வெறுமையான வானத்தைக் காணப் பொறாத கலைஞர், இல்லாத முகிலை எழுதிச் சேர்த்தார். ஓவியன் கையினின்று தப்பினோம் என்று மகிழ்ந்தோமல்லவா? அக் கை புறவாயில் வழியே மீண்டும் வந்துவிட்டது.

இனிப் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கையின் பயனாக, இந்தியாவில் 1857இல் மூன்று பல்கலைக்கழகங்கள் தோன்றின: ஜனவரியிற் கல்கத்தா, ஜூலையிற் பம்பாய், செப்ரெம்பர் 5ஆம் திகதி சென்னை. மூன்றும் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. அஃதாவது, கற்பிப்பவை அல்ல; பரீட்சை நடத்திப் பட்டம் வழங்குபவை. அவற்றுக்கு வேண்டியன வினாத்தாளும், மேசையும், மதிப்பெண் பதியும் ஏடும், ஆண்டுக்கொருமுறை பட்டமளிக்க ஒரு மண்டபமுமே. அம் மண்டபமும் சென்னையில் இரவலாகவே கிடைத்தது. இன்று ராஜாஜி மண்டபம் என வழங்கும் விருந்து மண்டபத்திலேயே 1879 வரை பட்டமளிப்பு விழாக்கள் நடைபெற்றன. பிளாசியிலும் சீரங்கப்பட்டணத்திலும் ஆங்கிலேயர் பெற்ற வெற்றிகளின் நினைவாக எழுப்பப்பட்ட கட்டடம் அது. திப்பு சுல்தான் வீழ்ந்ததைக் கொண்டாடிய கூரையின் கீழ் நம்மவர் பட்டம் பெற்றனர் என்பது வரலாற்றின் விளையாட்டுக்களுள் ஒன்று.

அப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் ஆவர். இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர்கள். அமெரிக்க மிசனறிமார் 1823இல் தொடக்கிய அச் செமினரியை, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது என எமர்சன் தெனன்ற் 1850இல் எழுதினார். கணிதமும் வானியலும் மெய்யியலும் தமிழும் அங்கே கற்பிக்கப்பட்டன. 1855இல் அது மூடப்பட்டது. சிறுப்பிட்டியிற் பிறந்த தாமோதரம்பிள்ளை பின்னர்ச் சென்னை சென்று, பத்திரிகைப் பணியும் ஆசிரியப் பணியும் புரிந்து, பட்டமும் பெற்று, தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் வீரசோழியத்தையும் அச்சிலேற்றி அழியாது காத்தமை வாசகர் அறிந்ததே.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவ்விருவரையும் அறிஞராக்கிய நிறுவனம் கற்பித்தது. ஆனால் பட்டம் வழங்கும் உரிமை அதற்கு இல்லை. பட்டம் வழங்கிய நிறுவனம் அவர்களுக்கு எதனையும் கற்பிக்கவில்லை; அதற்குச் சொந்தக் கட்டடமும் இல்லை. ஆகவே 1858ஆம் ஆண்டிலே ஒரு படப்பிடிப்பாளர் தம் கமராவையும் இருட்கூடாரத்தையும் சுமந்து வந்து, ‘சென்னைப் பல்கலைக்கழகத்தைப் படமெடுக்க வேண்டும், எங்கே உள்ளது?’ என வினவியிருப்பின், அவரை எத் திசைக்கு அனுப்பியிருக்க முடியும்?

அவ் வினாவுக்கு விடையாகக் கட்டடம் எழும்ப இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. 1864இல் நடந்த போட்டியிலே பிரசிடென்சிக் கல்லூரிக்கும் செனற் மண்டபத்துக்கும் றொபேட் பெலோஸ் சிசொம் என்பாரின் வரைபடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கல்லூரிக் கட்டடம் 1870இல் திறந்துவைக்கப்பட்டது. செனற் மண்டபம் 1874இல் தொடங்கி 1879இல் நிறைவுற்றது. அருகிலிருந்த சேப்பாக்கம் அரண்மனையின் இஸ்லாமியக் கட்டட மரபும் பைசாந்தியக் கூறுகளும் கலந்து, நான்கு மூலைகளிலும் குவிமாடக் கோபுரங்களோடு கடற்கரையிலே அது எழுந்தது. இந்தோ சரசெனிக் என இப் பாணியைக் குறிப்பர். சிசொம் பின்னாளில் ஹன்ரரின் கலைப் பள்ளிக்கும் தலைவராயினார். எனவே கட்டடமும் புகைப்படமும் சென்னையிலே ஒரு குடும்பத்தார் போலவே வளர்ந்தன எனலாம்.

மண்டபம் எழுந்ததும் படங்கள் பெருகின. சென்னையிற் படப்பிடிப்பு நிலையம் நடத்திய நிக்கலஸ் கம்பனியார், வீல் அன்ட் கிளைன் கம்பனியார் போன்றோர், ஊர்க்காட்சிகளைப் படமெடுத்து விற்றலைத் தொழிலாகக் கொண்டிருந்தனர். வாங்கியோருள் தம் நாட்டுக்கு மீளும் ஆங்கில உத்தியோகத்தரும் பயணிகளும் பலர். அவர்கள் விரும்பியது பேரரசின் பெருமிதமே. ஆகவே கடற்கரையிலுள்ள இக் கட்டடங்களை எடுக்கும்போது, முன்னே வெறுநிலத்தை விரியவிட்டு, இரு முகங்களும் தெரியுமாறு மூலைவாட்டாகக் கமராவை நிறுத்துவது வழக்கமாயிற்று. கோபுரத்தின் உச்சியை அடக்குவதற்காகக் கமராவை மேல்நோக்கிச் சாய்த்தால், சுவர்கள் பின்னே சாய்வன போலத் தோன்றும். எனவே எட்டி நிற்றலும், உயரமான இடத்தில் ஏறி நிற்றலும், கமராவின் முன்பலகையை மட்டும் மேலே உயர்த்துதலும் கைவந்த உத்திகளாயின. டல்பொட் எதிர்வீட்டுச் சாளரத்தைத் தேடியதும் இதனாற் பயன்பெற்றது.

இத்தகைய படமொன்று ஆண்டு குறிப்பிடப்படாது நம் கைக்குக் கிடைப்பின் அதன் காலத்தைக் கணிப்பது எவ்வாறு? முதலிற் கடற்கரையைப் பார்க்க. மெரினா உலாவீதி கிறான்ற் டவ் ஆளுநராயிருந்த காலத்தில், 1884ஆம் ஆண்டளவில் அமைக்கப்பட்டது. அது காணப்படாதாயின் படம் பெரும்பாலும் அதற்கு முந்தியது. அடுத்துப் பிரசிடென்சிக் கல்லூரியின் குவிமாடத்தைப் பார்க்க. நாற்புறமும் முகங்கொண்ட மணிக்கூடு அதன் நூற்றாண்டு விழாவையொட்டி 1940இல் அமைந்தது. பழைய படங்களில் அது இராது. அக் கல்லூரி கிழக்கே கடலை நோக்கி நிற்பது. அதன் முகப்பில் வெயில் நேரே விழுந்திருப்பின் படம் எடுத்தது முற்பகல். டல்பொட் காட்டிய மணிக்கூட்டுப் பாடத்தை மணிக்கூடு இல்லாமலேயே இவ்வாறு படிக்கலாம். சுவரின் நிறத்தை மட்டும் நம்பவேண்டா. அக்காலத் தகடுகள் செந்நிறத்தை உணராதனவாதலால், செங்கற் சுவர் கரிபடிந்தது போல இருண்டு காணப்படும். சிசொம் செனற் மண்டபத்தில் இட்ட வண்ண வேலைப்பாடுகளையோ, சாளரங்களின் வண்ணக் கண்ணாடியையோ இப் படங்களிற் காண இயலாது.

கட்டடத்தைப் பற்றி இத்துணை கூறும் படம், அங்கே வந்து சென்றோரைப் பற்றி ஒன்றும் கூறாதிருப்பதே நம்மை உறுத்துவது. பட்டமளிப்பு நாளும் பரீட்சை நாளுமே அம் மண்டபம் உயிர்பெறும் நாட்கள். அந் நாட்களிலே கூட்டம் அசையும். அசைவதைத் தகடு ஏற்காது. எனவே ஆளில்லாத நாளில், வெயில் நன்கு விழும் வேளையிற் படமெடுத்தனர். எவரேனும் படத்தில் நின்றால், தூணின் உயரத்தை அளந்து காட்டுவதற்காக நிறுத்தப்பட்ட சேவகராகவோ வண்டிக்காரராகவோ அவர் இருப்பார். பெயரற்ற அச் சேவகர் 150 ஆண்டுகளாக அங்கே நிற்கின்றார். பரீட்சையிற் சித்தியடைந்தவரும் தவறியவரும் இல்லை. உலர்தகடு 1880களிற் பரவிய பின்னரே நொடிப்பொழுதிற் படமெடுத்தல் கைகூடி, மனிதர் மெல்ல மெல்லப் படத்துக்குள் மீண்டனர். அதற்குள் பல்கலைக்கழகம் என்றால் ஆளில்லாத மாளிகை என்னும் கருத்து மனத்திற் பதிந்துவிட்டது.

இதனால் இப் படங்களின் பெறுமதி குறைந்துவிடாது. கல்கத்தாவை நோக்குக. அங்கு 1872இல் நிறைவுற்ற செனற் மண்டபம், உயர்ந்த தூண்வரிசையும் அகன்ற படிக்கட்டும் கொண்டது. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் சில 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, அதன் பரீட்சைகளுக்கு மாணவரை அனுப்பின. வங்காளத்தைக் கண்ணாலும் கண்டிராத நம்மவர் பலருக்கு அதுவே தம் பல்கலைக்கழகம். அம் மண்டபம் 1960இல், நூற்றாண்டு நினைவுக் கட்டடத்துக்கு இடமளிக்கும் பொருட்டு இடிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டைக் கொண்டாடுதற்கு அந் நூற்றாண்டின் தலையாய சின்னத்தையே அகற்றினர்! இன்று அதனைக் காண்பதற்குப் புகைப்படம் ஒன்றே வழி. பம்பாய்க்கு இந்நிலை நேரவில்லை. பிரேம்சந்த் ராய்சந்த் தம் அன்னை ராஜாபாயின் பெயரால் அளித்த பொருள் கொண்டு, கில்பேட் ஸ்கொற்றின் வரைபடப்படி 1878இல் நிறைவெய்திய மணிக்கூட்டுக் கோபுரம் இன்றும் நிற்கின்றது. பழைய படத்தை அதன்முன் நின்றே ஒப்புநோக்கலாம். சென்னை மண்டபமும் பல காலம் கவனிப்பாரற்றிருந்து, பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டையொட்டிப் புதுப்பிக்கப்பட்டது.

இலங்கையில் 19ஆம் நூற்றாண்டுப் பல்கலைக்கழகக் கட்டடம் என ஒன்று இல்லை. பிரெடெரிக் பீபிக் 1850களின் தொடக்கத்திலே இத் தீவைப் படமெடுத்தார். ஜோசப் லோட்டன் 1870ஐ ஒட்டி அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் சிகிரியாவையும் எடுத்தார். அவர்கள் தேடியவை இடிபாடுகளும் இயற்கைக் காட்சிகளும். பல்கலைக்கழகக் கல்லூரி 1921இலேயே கொழும்பிலே தோன்றியது. அதன் மாணவரும் 1942 வரை இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்கே தோற்றினர். இலண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே, கல்லூரியிற் பயிலாதவர்க்கும் பரீட்சையைத் திறந்துவிட்டிருந்தது. அதற்கென்று பேர்லிங்ரன் கார்டினிலே கட்டப்பட்ட மாளிகை திறக்கப்பட்டதோ 1870இல். அங்கும் பட்டதாரி முந்தினான், கட்டடம் பிந்தியது.

ஆகவே நம் நாட்டிலே எழுந்தது வேறொரு வகைப் படம். பட்டம் பெற்றவர் நகரத்துப் படப்பிடிப்பு நிலையத்துக்குச் சென்று, இரவல் அங்கியும் கழுத்துப்பட்டியும் அணிந்து, கையில் சுருட்டிய தாளோடு நிற்பார். அவர் பின்னே திரைச்சீலையிலே தூண்களும் படிக்கட்டும் தீட்டப்பட்டிருக்கும். அத் தூண்கள் எந்தப் பல்கலைக்கழகத்தினவும் அல்ல. ஆயினும், மாளிகை இன்றிப் பட்டம் நிறைவுறாது என்ற எண்ணத்தை ஆளில்லா மண்டபப் படங்களே அச் சீலையில் தீட்டுவித்தன என எண்ணுகின்றேன். யானும் வெளிவாரிப் பட்டதாரியே. பரீட்சை எழுதியது ஒரு பாடசாலையின் தகரக் கூரையின் கீழ். என் பட்டப்படத்தின் பின்புறத்தில் நூல்கள் நிறைந்த அலுமாரி ஒன்று காணப்படும். அது கணினியில் இருந்த அலுமாரி. அதனுள் இருக்கும் நூல் ஒன்றையும் யான் படித்ததில்லை.

எங்கள் வீட்டுச் சுவரிலே வேறொரு படமும் தொங்கியது. பாட்டனார் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் எடுத்த குழுப்படம். ஆசிரியர் நாற்காலிகளில் வீற்றிருக்க, மாணவர் மூன்று வரிசையாக நின்றனர். அசையாதே என்று படப்பிடிப்பாளர் அதட்டியதனாலேயே ஒருவன் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிறான் எனப் பாட்டனார் காட்டிச் சிரிப்பது வழக்கம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி நிலாவெளிக் கரையில் ஏறிய கடல், சுவரோடு அப் படத்தையும் கொண்டுசென்றது. சில நாட்களின் பின் மணலிற் கண்டெடுத்தபோது சட்டம் இருந்தது, தாளும் இருந்தது, முகங்கள் இருந்த படலம் மட்டும் உப்புநீரில் உரிந்துபோய்விட்டது. கட்டடத்தின் வளைவொன்றும் தூணின் அடியும் மங்கலாகத் தெரிந்தன. பின்புறத்திற் பெயர்கள் எழுதப்பட்டிருக்கவில்லை. பாட்டனாரும் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். கண்ணை உருட்டியவர் பெயரை இனிக் கேட்டறிய ஆளில்லை.

பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இல்லங்களில் உள்ள கல்லூரிக் குழுப்படங்களைக் கழற்றி, பின்புறத்திலே மென்மையான பென்சிலால் வரிசைமுறைப்படி பெயர்களை எழுதுக. மை தாளை ஊடுருவும், குமிழ்முனைப் பேனா முன்புறத்தில் வடுவாகும். ஒரு படியைக் கல்லூரி நூலகத்துக்கும் அளிக்குக. கட்டடத்தைப் பற்றி எழுதவேண்டியதில்லை. அதனைப் படமே கூறிவிடும்.

நிலாவெளி கோணேசபுரியில் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருக்கோணமலை வளாகம் உள்ளது. புதிய மாணவர் வந்து சேரும் நாட்களில் அவ்வழியே செல்பவர், பெயர்ப்பலகையின் முன் அவர்கள் கைத்தொலைபேசியை நீட்டி நிற்பதைக் காணலாம். தாய்மார் நிற்கின்றனர், சிறுவர் ஓடுகின்றனர், ஓடுபவரும் தெளிவாகப் பதிவாகின்றனர். படம் முழுவதையும் முகங்களே நிறைத்துவிட, கட்டடம் இரண்டு தலைகளுக்கு இடையே ஒரு கீற்றாகத் தெரிகின்றது. இன்னும் நூறாண்டு கழித்து அவ் வளாகத்தின் கட்டட வரலாற்றை எழுதப் புகுபவர், அங்கே தூண்கள் எத்தனை என்று எண்ணமுடியாமல் நம்மை நொந்துகொள்வார்.